போடிமெட்டு வழியாகச் சுவிட்சர்லாந்து

"படத்துல கரண்டுக் கம்பி விழுகுது பவா. இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார் அன்புச்செல்வன், செல்போனைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி.

தள்ளி நின்றால் ஏலக்காய்ச் செடி விழுந்தது. அதையும் தாண்டித் தள்ளினால் அவர் மனைவி பவதாரணியே பள்ளத்தில் விழுவாள்.

எஸ்டேட் பங்களாவின் காவல்காரர் மொக்கையன் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். "அந்த மொட்டப் பாறைமேல ஏறி நில்லுங்கம்மா. கம்பியும் விழாது, செடியும் விழாது. மேகம் மட்டுந்தான் விழுகும்."

சொன்னபடியே விழுந்தது. பள்ளத்திலிருந்து மேகம் ஓசையில்லாமல் ஏறிவந்து பவதாரணியின் முழங்கால்வரை நின்றது. கீழே போடி நகரம் இருந்த இடத்தில் போடி இல்லை. மலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நீலம் வெளுத்துக்கொண்டே போய், கடைசி மலை மலையா வானமா என்று தெரியாமல் கரைந்திருந்தது. அதன்மேல் இளவெயில்.

அன்புச்செல்வன் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டு, கீழே எழுதினார்: 'சுவிட்சர்லாந்து. இரண்டாம் நாள்.'

அவர் கல்வி அலுவலகக் கண்காணிப்பாளர். வீட்டுக் குழாய் சொட்டினாலும் முதலில் அதற்கு ஒரு குறிப்பாணை எழுதிப் பார்ப்பவர். மாமனார் சீனிச்சாமி வீட்டுக் கிடாவெட்டில், மூத்த மருமகன் என்ற முறையில் பதின்மூன்று வருடம் முதல் இலையும் ஈரலும் அவருக்குத்தான் வந்தன. போன வருடம் இளைய மருமகன் பிரதீப், மனைவி முத்துப்பிரியாவோடு நியூசிலாந்து போய் எழுபது படம் அனுப்பினான். எல்லாவற்றிலும் மேகம். அந்தக் கிடாவெட்டில் ஈரல் பிரதீப்பின் இலைக்குப் போய்விட்டது.

கை கழுவும்போதே அன்புச்செல்வன் அறிவித்தார்: "அடுத்த வருசம் நாங்க சுவிட்சர்லாந்து."

விசா கிடையாது என்று பதில் வந்தபோது, போடி ரயில் நிலையத்துக்கு வழியனுப்ப வரும் உறவினர்களுக்கு வேன் பேசியாகிவிட்டது. மாலையோடு ரயிலேறிய தம்பதி, மாலை வாடுமுன் தேனியில் இறங்கினார்கள். வாடகைக் காரில் தலையைக் குனிந்தபடி போடியைக் கடந்து, போடிமெட்டுக்கு மேலே இந்தப் பங்களாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

படம் எடுத்து உள்ளே வந்ததும் பவதாரணி சன்னலோரம் காப்பியோடு நின்றாள். "பொய்யோ மெய்யோ, கல்யாணமாகி இத்தன வருசத்துல நாம ரெண்டு பேரும் ஒரே சன்னல்ல நின்னு காப்பி குடிக்கிறது இப்பத்தாங்க."

"டம்ளர கீழ எறக்கு. அங்க யாரும் இப்படி ஆத்திக் குடிக்க மாட்டாக."

அப்போது வீடியோவில் மாமனார் அழைத்தார்.

"மாப்ளே, உங்களுக்கும் எங்களுக்கும் மூணரை மணி நேரம் வித்தியாசமாம்ல. இங்க இப்ப ஏழு. உங்களுக்கு விடியவே இல்லையே, படத்துல வெயிலடிக்குது?"

"அது... நேத்து எடுத்தது மாமா" என்று அன்புச்செல்வன் பாய்ந்து சன்னல் திரையை இழுத்துவிட்டு, கம்பளிக்குள் புகுந்து, ஒரு கொட்டாவியும் விட்டார்.

கொட்டாவி முடியவில்லை. ஏலக்காய் எடுக்கும் பெண்களை ஏற்றிவந்த ஜீப்பு வாசலில் நின்றது. "ஏ ஆத்தா, தூக்குவாளிய எடுத்தியா? வெரசா எறங்கு!"

"யாரு மாப்ளே, நம்மூருப் பேச்சு மாதிரி கேக்குது?"

"தோட்ட வேலைக்கு நம்ம பக்கத்து ஆளுக வந்திருக்காக மாமா."

"விடியுமுன்னயா?"

"இங்க... நைட்டு சிப்டு மாமா."

"எந்த ஊரு ஆளுக?"

வாய் முந்திக்கொண்டு போடிக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சொன்னது. "சிலமலை."

சீனிச்சாமிக்குப் புல்லரித்துவிட்டது. "சிலமலை ஆளுக சுவிட்சர்லாந்துல சிப்டு பாக்குறாகளா!" அரை மணி நேரத்தில் குடும்பக் குழு முழுக்க அதே பேச்சு. மூன்று பேர் தங்கள் மகனுக்கு அங்கே சோலி கேட்டு அன்புச்செல்வனுக்குத் தனியாகவும் எழுதினார்கள்.

அடுத்து பிரதீப் கூப்பிட்டான். குரலில் ஏனோ உற்சாகம் குறைவு.

"அண்ணே, மாமா ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ரெண்டு மருமகனும் வெளிநாட்டுல தோளுல கைபோட்டு நிக்கிற படம் வேணுமாம். கிடாவெட்டுப் பந்தல்ல பிளக்ஸ் அடிச்சுக் கட்டப் போறாராம். வேற வழியில்லாம ஒத்துக்கிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் நாங்களும் சுவிட்சர்லாந்து வந்துருவோம்."

"நாளைக்கேவா? விசா?"

"அதெல்லாம்... இருக்குண்ணே" என்று பிரதீப் அவசரமாக வைத்துவிட்டான்.

அன்புச்செல்வன் கட்டிலில் உட்கார்ந்தார். நாளை சாயங்காலம் சகலை சுவிட்சர்லாந்தில் இறங்கித் தேடுவான். ஆளைக் காணோம் என்று குழுவில் போடுவான். அப்புறம் ஈரல் என்ன, பந்தியில் இலையே கிடைக்காது.

"உண்மையச் சொல்லிருங்க" என்றாள் பவதாரணி. "ஈரல் போனாப் போகுது. நான் வாங்கி வறுத்துத் தர்றேன்."

சன்னல் வழியே மேகம் உள்ளே வந்து மேசைமேல் படுத்தது. அதன் ஈரத்தில் ஏலக்காய் மணந்தது. அவள் தலையை அவர் தோளில் சாய்த்தாள். பதினான்கு வருடத்தில் அதுவும் முதல் தடவைதான். மாமனாரை மறந்து அவர் கொஞ்ச நேரம் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்போனை எடுத்து எழுதினார்:

'பெறுநர்: மாமா அவர்கள். பொருள்: உண்மை நிலவரம் தெரிவித்தல், தொடர்பாக.'

கடைசி வரியும் முடிந்தது. கட்டைவிரலை அனுப்பும் பொத்தானுக்கு மேலே கொண்டுபோனார்.

கதவைத் தட்டிவிட்டு மொக்கையன் தலையை நீட்டினார்.

"சார், நாளைக்குச் சாயங்காலம் அந்த மொட்டப் பாறைய கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். போன வருசம் அதுமேல நின்னு நியூசிலாந்து எடுத்தவுக வர்றாக. இந்த வாட்டி அவுகளுக்கும் சுவிட்சர்லாந்து வேணுமாம்."