பேச்சு டெஸ்ட்டில் தேறிய முகம்

அரியலூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கை பொன்னம்மாளுக்கு அண்ணன் அய்யம்பெருமாள் எழுதுவது. முகம் ஒன்று நீங்கலாக இங்கே நான் முழு நலம். திருமழபாடியில் நீயும் மச்சானும் மாடு கன்றுகளும் நலமாக இருக்க வைத்தியநாதர் துணை.

"மூஞ்சிக்கு க்ரீம் தடவ ஒரு வருசப் படிப்பா? நீயே சொல்லி நிறுத்துண்ணே" என்று அழகுக்கலை படிக்கப் போகிறேன் என்ற உன் மகள் பிரவீணாவை என்னிடம் அனுப்பினாய். நிறுத்தத்தான் இருந்தேன். அதற்குள் எங்கள் பத்தாம் வகுப்புக்காரர்கள் நாற்பத்தைந்து வருடம் கழித்துப் பெரம்பலூரில் கூடுவதாக ஏற்பாடாகிவிட்டது. பள்ளிக்கூடப் போட்டோவில் இருக்கிற அந்த முகம் கொஞ்சமாவது திரும்பாதா என்று முந்தின நாள் ஒரு அழகு நிலையத்துக்குக் கிளம்பினேன். "பேட்ச் டெஸ்ட் பண்ணாம எதையும் பூசிக்காதீங்க மாமா" என்றாள் பிரவீணா. என் காதில் விழுந்தது பேச்சு டெஸ்ட். கடைக்காரரிடம் அதைத்தான் முதலில் கேட்டேன். "பேசிக்கிட்டே பண்ணிடலாம் சார்" என்றார். போனில் வீடியோ பார்த்தே தொழில் கற்றவராம். அரை மணி நேரம் அருமையாகப் பேசினார், நானும் சளைக்கவில்லை, இருவரும் தேறிவிட்ட திருப்தியில் முகத்தைக் கொடுத்தேன். தோல் உரிக்கிற மருந்தாம். "எரியுது தம்பி" என்றால் "எரிஞ்சாத்தான் சார் வேலை செய்யுது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பிரவீணா தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினாள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று விசாரித்தாள். "இதை நான் தொடக் கூடாது மாமா, தோல் டாக்டர்தான் பாக்கணும்" என்று கூட்டிப்போனாள். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பதுதான் பேட்ச் டெஸ்ட்டாம். எதைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருடம் படிக்கலாம் போலிருக்கிறது.

மறுநாள் கூட்டத்தில், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்த சாமிதுரை என் கையைப் பிடித்து, "நீங்க அய்யம்பெருமாளுக்கு அண்ணனுங்களா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பற்றி என்னிடமே அவன் நல்லவிதமாகச் சொன்னதைக் கேட்டு அழுகை வந்துவிட்டது.

பொன்னம்மா, உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எலுமிச்சம்பழச் சாற்றில் ஆப்பசோடாவைக் குழைத்து உனக்குப் பூசிவிட்டவன் நான்தானே. கன்னம் வெந்துபோய்த் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாய். மச்சான் இன்றைக்கும் அதை அடக்கம் என்கிறார். நமக்கு அப்போது சொல்லித்தர யாருமில்லை. நினைத்தால் சிரிப்பும் வருகிறது, உன் கன்னத்தை நினைத்து வருத்தமும் வருகிறது.

ஆனாலும் பெற்றவள் நீ. சேருவதற்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். உன் சொல்லை மீறி நான் எதிலும் தலையிட மாட்டேன். மச்சானுக்கு என் வணக்கம், உனக்கு என் ஆசி.

இப்படிக்கு,
அண்ணன் அய்யம்பெருமாள்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை என்றது போன வெள்ளிக்கிழமை. பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்து என்னுடையது. இன்று காலை அவளை வகுப்புக்குத் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். போனில் சொல்ல எனக்கும் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே வருவாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.