உறிஞ்சி சார் சும்மா உட்கார்ந்த மத்தியானம்

நீலகிரியில் பூச்சிக்கு எழுந்து நின்று மரியாதை கொடுத்துவிட்டு, மனிதர்களைப் பூச்சி மாதிரி பார்த்த ஒரே ஆள் எங்கள் உறிஞ்சி சார்தான். சந்தேகமிருந்தால் குன்னூர் மார்க்கெட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். சிலருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அவருக்கு முறையான பெயர் உண்டு. பெயருக்குப் பின்னால் நீளமாகப் பட்டமும் உண்டு. ஊர் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. காரணம், அவர் கழுத்தில் எப்போதும் தொங்கிய சின்ன பாட்டில். அதன் மூடியில் இரண்டு ரப்பர் குழாய்கள். ஒன்றை வாயில் வைத்துக்கொள்வார். மற்றதைப் பூச்சியிடம் நீட்டுவார். சுர்ரென்று ஒரு இழுப்பு. பூச்சி பாட்டிலுக்குள் இருக்கும். வாய்ப்பக்கக் குழாயில் வலைத்துணி கட்டியிருப்பதால் தொண்டைக்குள் போகாது. இதை அவர் எல்லோருக்கும் பொறுமையாக விளக்குவார். ஒருவர்கூட நம்பியதில்லை.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பாய் பேக்கரியில், வர்க்கி அடுக்கிய கண்ணாடிப் பெட்டிமேல் ஏதோ ஊர்ந்திருக்கிறது. கடையில் நல்ல கூட்டம். இவர் குழாயை நீட்டி இழுத்துவிட்டார். கூட்டம் அப்படியே பின்வாங்கியது.

“ஏன் சார், என் கடையில பூச்சி இருக்குன்னு ஊருக்கே டமாரம் அடிக்கணுமா?” என்று பாய் கத்தினார்.

உறிஞ்சி சார் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அவரைத் தேற்றினார். “வருத்தப்படாதீங்க பாய். இது எல்லாக் கடையிலயும் உள்ளதுதான். புதுசு கிடையாது.”

பாய் அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்து மிச்சத்தைக் கத்தினார். ஏனென்றால் சார் குடியிருந்தது என் வீட்டு மாடியில்.

எனக்கு மார்க்கெட்டில் பைப், ஃபிட்டிங்ஸ் வியாபாரம். பெரிய புனல் கேட்டு வந்தவர்தான் அவர். புனலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணாச்சி, இதுல பாசியைப் போட்டு மேல பல்பு எரியவிட்டா, பூச்சியெல்லாம் சூடு தாங்காம கீழ இறங்கும்லா?”

“எனக்கெப்படிய்யா தெரியும்? தண்ணி இறங்கும்.”

“தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுதீங்க பாத்தீங்களா, அது பெரிய குணம்” என்று சந்தோஷப்பட்டவர், அதே மூச்சில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்றார். தென்காசிப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் மூத்தவர். கடைசிவரை என்னை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

வந்த வாரமே அம்மா ஆரம்பித்தாள். “ஏன்டா, அந்தாளு என்ற சல்லடையத் தூக்கீட்டுப் போயிட்டாரு. ராகி மாவு சலிக்கோணும். கேட்டா, காட்டுச் சருகு சலிச்சிட்டிருக்கேங்கறாரு!” அடுத்த வாரம் எங்கள் ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் குளவி இருந்தது. அதற்கடுத்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மஞ்சள் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்துவிட்டு வந்தார். மஞ்சளைப் பார்த்தால் பூச்சி வந்து விழுமாம். பூச்சிக்கு முன்னால் எஸ்டேட் சூபர்வைசர் வந்தார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கொழுந்து பறிக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்களாம். நான்தான் போய் சோப்புத் தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டிவிட்டு வந்தேன். நான் திட்டாத நாள் கிடையாது. அவர் அதைக் காதில் வாங்கின நாளும் கிடையாது.

அவர் வேலைதான் என்ன? புதுப் பூச்சிக்குப் பெயர் வைப்பது. கேட்க சுலபமாக இருக்கிறது. முதலில் அது புதிதா என்று தெரிய வேண்டும். உலகத்தில் இதுவரை பெயர் வைத்த அதன் சொந்தக்காரப் பூச்சிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, இது அது இல்லை, இது அதுவும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். மீசையில் கணு எண்ண வேண்டும். காலை அளக்க வேண்டும். என் கடையில் ஒரு சாமான் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். இவர் ‘இல்லை’ என்று சொல்ல வருஷக்கணக்காகும்.

அப்படி அவரைப் பிடித்து ஆட்டியது ஒரு கூன்வண்டு. கடுகு அளவு இருக்கும். கோத்தகிரி ரோட்டில் ஒரு மரத்துப் பாசியில் கிடைத்தது. இறக்கை மூடி ஒட்டிப்போய், பறக்கத் தெரியாத வண்டு. தொட்டால் செத்த மாதிரி கிடக்கும். இனம் மட்டும் புதிதில்லை, பேரினமே புதிது என்றார். புரியவில்லை என்றேன். “புது இனம்னா தெருவுக்குப் புது ஆள் வந்த மாதிரி அண்ணாச்சி. புதுப் பேரினம்னா, அவரைச் சேக்க தெருவுல வீடே இல்ல, புது வீடு கட்டணும்னு அர்த்தம்.”

கட்டுரை எழுதி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. கிடைத்தது ஒரே ஒரு பெண் வண்டு. ஆண் வண்டைப் பார்க்காமல் புது வீடு கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை. அதன்பிறகு இரண்டு வருஷம் கோத்தகிரி ரோட்டுப் பாசியையெல்லாம் சலித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்கு அன்னூரிலிருந்து ஒரு வரன் வந்தது.

எனக்கு வயது முப்பத்தேழு. பார்த்த வரனெல்லாம் ஒரே இடத்தில்தான் முறியும். பெண் வீட்டார் மார்க்கெட்டில் விசாரிப்பார்கள். “நல்ல பையன்தானுங்க, வாய்தான்...” என்று கடைக்காரர்கள் இழுப்பார்கள். அத்தோடு சரி. அன்னூர்ப் பெண் நித்யாவின் வீட்டார் மட்டும்தான் அதைத் தாண்டி, வீடு பார்க்க வருகிறோம் என்றார்கள். இதுவும் போனால் இனி பார்க்கமாட்டேன் என்று அம்மா அழுதாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்.

எங்கள் பக்கம் உட்கார ஆண் துணை வேண்டும். அப்பா இல்லை. சித்தப்பா, மாமா எல்லோரோடும் என் வாயால் பகை. மிஞ்சியது மாடியில் இருந்தவர். “படிச்ச மனுசன், உக்காரட்டும்” என்றாள் அம்மா.

நான் மேலே போய்ச் சொன்னேன். “பாட்டில் இங்கயே இருக்கோணும். கேட்டா மட்டும் பேசுங்க. எந்தப் பூச்சி வந்தாலும் எந்திரிக்கக் கூடாது. இது என்ற வாழ்க்கைங்க சார்.”

“அசைய மாட்டேன் அண்ணாச்சி. வாக்கு.”

வேனில் வந்து இறங்கினார்கள். நல்ல வெயில். ஆனாலும் பெண்ணின் அப்பா ஆறுமுகம் குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், கம்பளி மப்ளரோடு வந்தார். மலை என்றால் குளிரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெண்ணும் வந்திருந்தது. அம்மா ஆச்சரியமாகப் பார்த்ததும், “குடியிருக்கப் போறது நாந்தானுங்களே, நான் பாக்காம எப்பிடிங்க?” என்றது. மில்லில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. பஞ்சில் தூசி பார்க்கிற கண்.

காபி வந்தது. பெண்ணின் தாய்மாமா ஆரம்பித்தார். “சார் என்ன ஜோலிங்க பாக்கறீங்க?”

சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“வண்டுகளை வகை பிரிக்கிறது.”

“எதைப் பாத்துங்க பிரிப்பீங்க?”

“ஆண் வண்டோட குறியைப் பாத்து.”

அம்மா, யாரும் கேட்காத இரண்டாவது காபி கொண்டுவர உள்ளே போய்விட்டாள். நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது சாரின் முகம் மாறியிருந்தது. ஆறுமுகத்தின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. நெற்றியில் வியர்வை.

மப்ளரில் ஒரு கடுகு ஊர்ந்துகொண்டிருந்தது.

வரும் வழியில் கோத்தகிரி ரோட்டில் வேனை நிறுத்தி போட்டோ எடுத்திருக்கிறார்கள். ஆறுமுகம் பாசி பிடித்த மரத்தில் சாய்ந்து நின்றிருக்கிறார். அங்கிருந்து ஏறிவந்த சனியன்.

சார் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தேன். அவர் எழவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வண்டு மப்ளரின் ஓரத்துக்கு வந்தது. காதுப்பக்கம் திரும்பியது.

“ஏனுங்க, இவரு என்ற கழுத்தையே பாத்துட்டிருக்காருங்களே, ஏதாச்சும் வேணுமுங்களா?” என்றார் ஆறுமுகம்.

“ஒண்ணும் வேண்டாங்க” என்றார் சார்.

வண்டு குல்லாவுக்குக் கீழே தோலைத் தொட்டது. ஆறுமுகத்துக்குக் கூசியது. நசுக்கித் தேய்க்கக் கையைத் தூக்கினார். சார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அசையவில்லை.

“அப்பா! கைய அப்படியே வைங்க!”

நித்யா எழுந்து போய், காலி டம்ளரை அப்பாவின் கழுத்தோரம் பிடித்து, விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டியது. டம்ளருக்குள் டிக்கென்று ஒரு சத்தம். அதை சாரிடம் நீட்டியது.

“இதத்தானுங்க பாத்துட்டிருந்தீங்க?”

அவர் டம்ளருக்குள் பார்த்தார். நாற்பத்தைந்து வயது மனிதர், வந்திருந்தவர்கள் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“இவ்வளவு வேணுங்கறவரு ஏன் வாயத் தொறக்கல?”

“அண்ணாச்சிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்மா. இன்னிக்கு அசையக் கூடாதுன்னு.”

நித்யா என்னைப் பார்த்தது. எனக்கு அலங்காரமாகப் பேச வராது. “நாந்தான் சொன்னேன். ரெண்டு வருசமா இதத் தேடறாரு. நீங்க பயந்து போயிருவீங்கன்னு சொன்னேன்” என்றேன்.

தாய்மாமா செருப்பைத் தேடினார். கிளம்பலாம் என்றார். நித்யா நகரவில்லை.

“மாமா, மார்க்கெட்டுல இவருக்கு வாய் சரியில்லைன்னு சொன்னாங்கல்ல? இருக்கட்டும். ரெண்டு வருசமா தேடுன பொருள் கண்ணு முன்னால நசுங்கப் போகுது, ஒரு மனுசன் இவருக்காகக் கைமேல உக்காந்திருக்காரு. மோசமான ஆளுக்கு யாராச்சும் அப்படி உக்காருவாங்களா?”

தாய்மாமா செருப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். இரண்டாவது காபியை எல்லோரும் குடித்தார்கள். சார் அதற்குள் ஆறுமுகத்தின் செல்போனில் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டார். நாங்கள் கல்யாணத் தேதி பேசிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் அப்பா அங்கு இல்லை. சாரோடு வேனில் போய், குல்லாவும் மப்ளருமாக அந்த மரத்தடியில் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். சார் கிளையைத் தட்டினார். சாயங்காலம் இரண்டு பேரும் பாசியும் சிரிப்புமாகத் திரும்பி வந்தார்கள்.

டம்ளரில் விழுந்தது ஆண் வண்டு. பேரினம் புதிது என்று ஒப்புக்கொண்டார்கள். இனத்துக்கு உங்கள் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். தன் பெயரைத் தானே வைப்பது அசிங்கமாம். “உங்க பேரை வைக்கலாம்னு பாத்தேன் அண்ணாச்சி. ஆனா இந்த வண்டு ரொம்ப சாது.” கடைசியில் ஆறுமுகத்தின் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டி ஆறுமுகமி ஆக்கினார். என் மாமனார் அந்த வண்டின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, வீட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம், “என்ற பேருல ஒரு குடித்தனமே இருக்குதுங்க” என்கிறார்.

போன வருஷம் சாருக்கு வடகிழக்கு மலைப்பக்கம் மாற்றல் வந்தது. பெட்டி கட்டும்போதும் திட்டிக்கொண்டேதான் கட்டிக் கொடுத்தேன். நன்றி என்று வாயில் வரவில்லை. எத்தனையோ பேர் எனக்காக ஓடியாடி வரன் பார்த்திருக்கிறார்கள். எனக்குக் கல்யாணம் ஆனது, ஒரு மனிதர் ஒரு மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்ததால். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மாடியை வாடகைக்குக் கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். காலி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.