ஃப்ரிட்ஜ் ஆப்பும் விமானி மச்சானும்

"இந்த விமானியை நான் நேர்ல பார்க்கணுமே" என்றார் ஆடிட்டர்.

நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டு ஃப்ரிட்ஜில் என்ன இருக்கிறது, எது கெடப் போகிறது என்று சொல்லும் ஆப் ஒன்றை அந்தக் கம்பெனி நடத்தியது. அதை உபயோகிப்பவர்களைத் தேடிப் போய், குறைநிறை கேட்டு அறிக்கை எழுதுவதுதான் நம்மவரின் உத்தியோகம். ஆனால் பாருங்கள், முன்பின் தெரியாத ஆளிடம் மணி கேட்பதற்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனிதர் அவர். அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாமியார் வீட்டு சோபாவிலேயே ஆராய்ச்சியை முடித்துக்கொண்டிருந்தார். அறிக்கையில் மாமியார் தொழிலதிபர், மச்சான் விமானி.

கம்பெனியில் பணம் போட வந்தவர்கள், இந்த ஆராய்ச்சியெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆடிட்டரை அனுப்பித் தொலைத்திருந்தார்கள்.

"அவர் இப்ப ஆகாயத்துல இருப்பாரு சார்."

"இறங்கட்டும். சாயந்திரம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"வரச் சொல்லுப்பா!" என்றார் முதலாளி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "நம்மகிட்ட ஒளிவுமறைவே கிடையாது சார்."

வேலை போனால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மாமியாரோடுதான் குடித்தனம் என்று மனைவி எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். நம்மவர் பாத்ரூமுக்குள் ஓடிப்போய் அவளுக்கே போன் போட்டார்.

"உன் தம்பியை உடனே ஆபீசுக்கு அனுப்பு. கேட்டா பைலட்டுன்னு சொல்லணும். என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது."

"அவனா? ஏணியில ஏறினாலே தலை சுத்துதும்பானே!"

"அனுப்புடி, வேலை போயிடும்!"

மச்சான் வந்தான். கூடவே மாமியாரும் வந்தார். தம்பிக்குப் பொய் சொல்ல வராது, அம்மா துணைக்கு இருக்கட்டும் என்று மனைவி செய்த ஏற்பாடு.

மீட்டிங் ரூமுக்குள் காலை வைத்ததுமே மாமியார், "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

ஆடிட்டர் நிமிர்ந்தார். "மாப்பிள்ளையா?"

"இவங்கதான் சார் அந்தத் தொழிலதிபர்" என்று நம்மவர் முந்திக்கொண்டார். "பாசக்காரங்க. எல்லாரையும் மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவாங்க."

"அட! என்னையும் கூப்பிடுவீங்களாம்மா?"

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களை எப்படிங்க கூப்பிடறது? எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு!"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முதலாளிக்குப் புரையேறிவிட்டது. நம்மவர் சட்டென்று மச்சானை முன்னால் தள்ளினார்.

"இவரைக் கேளுங்க சார். நாடு நாடா பறக்கிறவர்."

"ரொம்ப சந்தோஷம். விமானம் ஓட்டறதுல எது கஷ்டம்?"

மச்சான் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டான். "ரிவர்ஸ் எடுக்கறதுதான் சார்."

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "யாருய்யா இவங்கல்லாம்?"

இதற்கு மேல் என்ன இருக்கிறது மறைக்க? "மாமியார் சார்" என்றார் நம்மவர். "இது மச்சான்."

"அடப்பாவி! லட்சக்கணக்கான பேர் யூஸ் பண்ற ஆப்! நீ உன் மாமியாரைக் கேட்டா ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தே? இப்பவே வீட்டுக்குக் கிளம்பு!"

"அவரை ஏங்க திட்டறீங்க?" மாமியார் சிலிர்த்துக்கொண்டார். "நான் சொன்ன குறையை எல்லாம் ஒண்ணு விடாம எழுதினாரு. இல்லாத பாலை இருக்குன்னு சொல்லுது உங்க ஆப். அதைச் சரி பண்ணத் துப்பில்ல, என் மாப்பிள்ளையைப் பேச வந்துட்டீங்க!"

நம்மவருக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியார் தனக்காகப் பரிந்து பேசுவார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ஆடிட்டர் கையமர்த்தினார். "சத்தம் போடாதீங்க. நிஜமா யூஸ் பண்றவங்க யார்கிட்டயாவது நானே பேசிக்கறேன். சர்வர் பார்க்கிறவரை வரச் சொல்லுங்க."

சர்வர் பார்க்கும் இன்ஜினீயர் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்து, ஆப்பை உபயோகிப்பவர்களின் பட்டியலைத் திறந்து, முதலில் கண்ணில் பட்ட நம்பரைப் படித்தார். ஆடிட்டர் ஆபீஸ் போனில் அதை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டார்.

மாமியாரின் கைப்பை அலறியது.

"ஏதோ தற்செயல் சார்" என்று முதலாளி பல்லைக் கடித்தார். "அடுத்தது!"

மச்சான் அவசர அவசரமாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். உள்ளே இருந்த போன் விடாமல் பாடியது. முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாவது நம்பரில் உடனே போனை எடுத்தார்கள். ஒரு பெண்குரல் ரூம் முழுக்கக் கணீரென்று கேட்டது. "என்னங்க, அம்மா ஒழுங்கா நடிச்சாங்களா?"

முதலாளி மேஜையை ஓங்கிக் குத்தினார். "யோவ், இவங்க குடும்பத்தை விட்டுட்டு வேற யாரையாவது கொடுய்யா!"

இன்ஜினீயர் திரையை ஒருமுறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இவங்க குடும்பத்தை விட்டா நமக்கு யாருமே இல்லையே சார்."