லொறிக்கு வந்த தோள்வலி

நம் நாட்டில் ஒரு வகை மனிதர் உண்டு. அவருக்கு வயதே ஆவதில்லை. அவர் தொடுகிற சாமான்களுக்குத்தான் வயதாகும். படியேறி மூச்சு வாங்கினால், படி கட்டிய மேசனுக்கு அளவு தெரியாது என்பார். காது மந்தமானால், பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பார். காற்சட்டை இறுகினால் சவர்க்காரத்தைத் திட்டுவார். இந்த இனத்தில் ஒருவரை நான் தினமும் முகம் மழிக்கும்போது நேருக்கு நேர் பார்க்கிறேன்.

என்னிடம் ஒரு லொறி இருக்கிறது. இராணுவத்தில் உழைத்துக் களைத்து ஏலத்துக்கு வந்தது. மடுல்சீமைப் பக்கத்துச் சிறுதோட்டங்களில் தேயிலைக் கொழுந்து ஏற்றித் தொழிற்சாலையில் இறக்குவது எங்கள் இருவருக்கும் பிழைப்பு. அதன் ஸ்டியரிங்கைத் திருப்புவது, தேரைத் தெருமுனையில் திருப்புகிற மாதிரி. பதினெட்டு வருடம் தனி ஆளாகத் திருப்பினேன். போன வருடம் இடது தோள் முடியாது என்றுவிட்டது. அதிலிருந்து மலைரோட்டு வளைவு முடக்குகளில் பஸ் வந்தால் நிறுத்தி, கையைக் காட்டி, முதலில் போகச் சொல்வேன். எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று கண்டக்டர்மார் பேசிக்கொண்டார்களாம். பஸ் வராத முடக்கிலும் நிறுத்தினேனே, அது யாருக்குக் காட்டிய மரியாதை?

சட்டைக்குள் கை நுழைக்கும்போது நான் முகம் சுளிப்பதை என் மனைவி சிவசக்தி கவனித்துவிட்டாள். பதுளைக்குப் போய் டொக்டரிடம் காட்டச் சொன்னாள். நான் போகவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், பயம். இனி ஓட்டாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தச் சீட்டைவிட்டு இறங்கி நான் யாராக நடப்பது? ஆகவே கோளாறு லொறியில்தான் என்று தீர்மானித்து, அதற்குப் பவர் ஸ்டியரிங் பூட்டக் கிளம்பினேன்.

"வைத்தியம் தோளுக்குத்தாங்க வேணும்," என்றாள் சிவசக்தி.

இவளுக்கு லொறியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதுளை மெக்கானிக் ஜௌபர் நானா, கழித்துப்போட்ட வேறொரு பெரிய லொறியின் ஒயில் பம்பையும் மற்றச் சாமான்களையும் கொண்டுவந்து, நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசைவீடுகளின் வாசலில் மூன்று நாள் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து பூட்டினார். கடைசி இரண்டு ஒயில் குழாய்களை மட்டும் அவரைத் தள்ளிவிட்டு நானே பூட்டினேன். பின்னே, நானே செய்தது என்று ஊருக்குச் சொல்ல வேண்டாமா? என்ஜினைப் போட்டு ஸ்டியரிங்கை ஒருக்கா திருப்பிப் பார்ப்போம் என்றார் அவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூசைக்கு முன்னால் வண்டிச் சில்லு அசையலாமா? நல்ல நேரம் பத்தரைக்கு. அதுவரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பத்தரைக்கு லயமே திரண்டது. சில்லுகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கற்பூரம் காட்டித் தேங்காயும் உடைத்தாயிற்று. மாலை போட்ட லொறிக்குள் மாலை போட்ட நான். வண்டியை நகர்த்தி இடப்பக்கம் லேசாகத் திருப்பினேன். சில்லு வலப்பக்கம் போனது. இன்னும் இடப்பக்கம் இழுத்தேன். அது இன்னும் மூர்க்கமாக வலப்பக்கமே போனது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள், வலப்பக்கமிருந்த கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தகரச் சுவரைத் தள்ளிக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றோம். நல்லவேளை, உள்ளே ஆளில்லை.

ஜௌபர் நானா வந்தார், குனிந்து பார்த்தார். "கிருஷ்ணராஜ் அண்ணே, ரெண்டு குழாயையும் மாத்திப் பூட்டியிருக்கீங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

குழாய்களை மாற்றியதும் ஒற்றை விரலுக்கு வளைந்தது லொறி. மறுநாள் சிவசக்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் முடக்கை ராஜா மாதிரி சுற்றினேன். சுற்றி முடித்து, கியர் மாற்ற இடது கையைத் தூக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கியர்பொக்ஸ் இறுகிப்போச்சு," என்றேன்.

"புதன்கிழமைக்கு டொக்டருகிட்ட நம்பர் எடுத்திருக்கேன்," என்றாள் அவள். "கியர்பொக்ஸையும் கூட்டிட்டு வாங்க."

போகத்தான் போகிறேன், பயத்தோடு. நீங்கள் சிரிக்கிறீர்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைக் கை எட்டுகிற மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எழுத்தை ஏன்தான் இவ்வளவு பொடியாக அச்சடிக்கிறார்களோ என்று சற்றுமுன் முணுமுணுத்தது யார்? புதன்கிழமை வாருங்கள், லொறியில் இடம் இருக்கிறது.