ஒரு தோட்டம், இரண்டு மென்பொருள், ஒரே யோசனை

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவனிடம் யாராவது சிரித்த முகத்தோடு யோசனை கேட்டால், எதையோ பிடுங்கப்போகிறார்கள் என்றுதான் தோன்றும். அப்படிப்பட்ட என்னையே தோட்டத்துக்கு யோசனை கேட்க அனுப்பினார்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஹட்டனில் ஒரு தேயிலைக் கம்பனியில் கம்ப்யூட்டர் கிளார்க்காக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. ஊழியர்களின் புதுமை யோசனைகளைத் திரட்டித் தரம்பிரிக்கும் மென்பொருள் வாங்கக் கொழும்பு மேலாளருக்கு ஆசை. பெரிய நிறுவனங்களுக்கென்றே செய்தவையாம். இரண்டு வந்தன. “தோட்டத்தில் பரீட்சித்து எது நல்லதென்று சொல். உன் வேலையைப் பிறகு பார்ப்போம்” என்றார். (அந்தப் ‘பார்ப்போம்’ எனக்குப் பிடிக்கவே இல்லை.)

விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் போகக் கூடியிருந்தவர்களிடம் பெயரும் யோசனையும் கேட்டேன்.

“யோசனை சொன்னா ஆளக் கொறைப்பீங்களா தம்பி?” என்றார் சங்கத் தலைவர் மாடசாமி.

“சத்தியமா இல்லைங்க தலைவரே.”

“அப்ப பேரு எதுக்குங்க?” என்றார் கொழுந்து பறிக்கும் செல்லம்மா அக்கா.

“நாங்க பேசிட்டுச் சொல்றோம்” என்று தலைவர் எல்லாரையும் மலைக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் வரிசையாக வந்தார்கள். பெயர்தான் வேறு வேறு. யோசனை ஒன்றேதான்: “கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு ஒரு கூர போடுங்க.” தனியாக ஏதாவது சொன்னால் தனியாக மாட்டிக்கொள்வோம் என்ற பயம். விரல் வீங்க வீங்க அத்தனையையும் இரண்டு மென்பொருளிலும் தட்டினேன்.

மேலாளர் வந்தார். முதல் மென்பொருள், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ‘மொத்த யோசனை: ஒன்று’ என்றது. இரண்டாவது இன்னும் மோசம். எவனோ ஒருவன் பல பெயரில் எழுதுகிறான் என்று முடிவுகட்டி, சிவப்பெழுத்தில் என் பெயரைக் காட்டியது. (என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி!) வெட்கத்தில் செத்தே போனேன்.

“எல்லாம் நீயே எழுதியதா?” என்று மேலாளர் சிங்களத்தில் கேட்டார்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். “நீங்களே வந்து கேளுங்க சேர்” என்று கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன். மலையில் நல்ல மழை. தராசுக்கு முன்னால் கூடையோடு நனைந்து நின்ற செல்லம்மா அக்காவிடம் கேட்டார். அக்கா தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே வாக்கியத்தை ஒப்பித்தார். அடுத்தவரும் அப்படியே. சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்த பிறகுதான் மேலாளர் என்னை நம்பினார்.

கூரை வந்தது. என் வேலையும் நிரந்தரமானது. மென்பொருளை மட்டும் வாங்கவேயில்லை.

இன்றும் வீட்டில், “ராத்திரிக்கு என்ன சாப்பிடலாம்? ஆளுக்கொரு யோசனை சொல்லுங்க” என்றால், மனைவியும் பிள்ளைகளும் தனியே போய்க் குசுகுசுத்துவிட்டு வரிசையாக வந்து நிற்பார்கள்.

“கொத்து ரொட்டி.”

“கொத்து ரொட்டி.”

“கொத்து ரொட்டி. அப்பா, பேரு எழுதுவீங்களா?”