பிறவாப் பிள்ளையின் நலக் குழு

வையத்தில் தந்தையர் பல கோடி. பிள்ளை கருவாகும் முன்பே தந்தைமையை நிர்வகிக்கத் தொடங்கிய பெருமகன் இவர் ஒருவரே. ஆலை ஒன்றின் பாதுகாப்பு அதிகாரி. காலைதோறும் வாசலில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு தொழிலாளியையும் "ஊது" என்பார். வாடை வந்தால் மூன்று மாதம் வேலை கிடையாது. "போதையில தொட்டா மெஷின் என்னத்துக்கு ஆகும்?" என்பது அவர் திருவாக்கு.

அத்தகையவர் இல்லத்தில் ‘வருங்காலச் சிசு நலக் குழு’ கூடாதிருக்குமா? தலைவர் அவர், உறுப்பினர் அவருடைய அன்னை, விசாரிக்கப்படுபவர் மனைவி. முதல் கூட்டத்தில் காபி விலக்கப்பட்டது. அடுத்ததில் மாடிப்படி. அதற்கடுத்ததில் கவலை.

"கவலைப்படக் கூடாதுன்னு தீர்மானமே போட்டாச்சு. அப்புறம் ஏன்மா முகத்தைத் தூக்கி வெச்சிருக்க?" என்றார் மாமியார்.

"இதோ சிரிச்சுட்டேன் அத்தை. நல்லபடியா ஒண்ணு பொறந்தாப் போதும்."

கூட்டம் கலைந்ததும் தலைவர் மொட்டை மாடிக்கு எழுந்தருளுவார். மனைவிக்கு மாடிப்படி விலக்கப்பட்டதன் நுட்பம் அங்கேதான் விளங்கும். கஞ்சாப் புகை வளையம் வளையமாய் விண்ணேற, பிறவா மகவின் எதிர்காலத்தைச் சிந்திப்பார். சிந்தனை முற்றினால் தண்ணீர்த் தொட்டியிடமும் கருத்துக் கேட்பார்.

ஒருநாள் மருத்துவரிடம் சென்றனர்.

"இவ இன்னும் எதையெல்லாம் நிறுத்தணும், டாக்டர்?"

டாக்டரம்மா மூக்கைச் சுளித்தார். "நீங்க என்ன புகைக்கிறீங்க?"

"மூலிகை."

"எந்த மூலிகை?"

"கஞ்சாதான். ஆனா சுமக்கப் போறது இவதானே?"

"பாதி உங்ககிட்டேருந்துதானே வருது? கஞ்சா விந்தணுவுல மாற்றம் உண்டாக்குதுன்னு ஆய்வுல பாத்திருக்காங்க. எலிக்குட்டிங்ககிட்டயும் விளைவு தெரிஞ்சிருக்கு. மனுஷக் குழந்தைக்கு எவ்வளவுன்னு இன்னும் உறுதியா சொல்ல முடியல. அதை உங்க பிள்ளையை வெச்சா கண்டுபிடிக்கணும்? புது விந்தணு உருவாக ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். அதனால கரு தரிக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடியே நிறுத்துங்க."

"இதைக் குழு பரிசீலிக்கும்," என்றார் தலைவர்.

பரிசீலனை அன்று மாலையே மாடியில் நடந்தேறியது. கண்கள் சிவக்க, அருள் சுரக்க இறங்கி வந்தவரைப் படுக்கையறை வாசலில் மனைவி மறித்தாள்.

"ஊதுங்க."

"என்னடி விளையாட்டு?"

"ஊதுங்கன்னேன்."

அந்தச் சொல்லின் ஆற்றலை அவரன்றி யார் அறிவார்? ஊதினார்.

"மூணு மாசம் வேலை கிடையாது. அத்தை ரூம்ல போய்ப் படுங்க."

"நான் தலைவர்டி!"

"தெரியும். மெஷின் கெட்டுடுமேன்னு ஊரையே ஊத வெச்சீங்க. நம்ம பிள்ளை கெட்டுடுமேன்னு உங்களுக்கு ஒரு நாளாவது தோணிச்சா?"

கதவு சாத்தப்பட்டது. குழு கலைந்தது.