லைசன்ஸ் அண்ணை கொடுத்த ஒரே விளம்பரம்

இலங்கையில் தொலைக்காட்சிக்கு உண்மையான முதலாளி என்று ஒருவர் இருந்தாரென்றால், அவர் கொழும்பில் இருக்கவில்லை. நெளுக்குளத்தில், எங்கள் உபதபால் கந்தோருக்கு நாலு வீடு தள்ளி, இடுப்பில் சாரத்தோடும் தோளில் சிவப்புத் துவாயோடும் இருந்தார். சொந்தப் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. லைசன்ஸ் அண்ணை வீடு என்றால் பஸ் கொண்டக்டரே சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

இளசுகளுக்குத் தெரிந்திராது. முந்தி ரீவி வைத்திருக்கிறவர்கள் வருசா வருசம் லைசன்ஸ் கட்டவேண்டும். பிறகு அரசாங்கமே அதை நிப்பாட்டியது. ஊரே ‘அப்பாடா’ என்றது, அண்ணைக்கு மட்டும் கோபம். நான் அந்தக் கந்தோருக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் கிழமை, தை மாதம், கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

“தங்கச்சி, ரீவி லைசன்ஸ் கட்டவேணும்.”

“ஐயோ அண்ணை, அதை நிப்பாட்டி எவ்வளவு காலம்!”

“அவங்கள் நிப்பாட்டினா நானும் நிப்பாட்டவேணுமோ? காசு குடுத்துப் பாக்கிறவன்தான் கேள்வி கேக்கலாம். சும்மா பாக்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேணும்.”

அவருக்குப் பின்னால் பென்சன்காரர் வரிசை வாசல்மட்டும் நின்றது. கதைத்து மாளாதென்று, பழைய லைசன்ஸ் தொகைக்கு அவர் பார்க்கிற ரீவிச் சனலின் பெயரில் ஒரு காசுக்கட்டளை எழுதிக் கொடுத்தேன். பங்குனியில் அது அப்படியே திரும்பி வந்தது. அடுத்த தையில் மனிசன் திரும்பவும் வந்தார். இப்படியே வருசம் தவறாமல், தையில் போகும், பங்குனியில் வரும்.

லைசன்ஸோடு நின்றாலும் பரவாயில்லை. விளம்பரம் என்றால் அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. “விளம்பரக் காசு எங்கயிருந்து வருது? சவர்க்காரத்துக்குள்ள இருந்து வருது. அந்தச் சவர்க்காரத்தை வாங்கினா, நான் ரீவிக்கு ரெண்டாந்தரம் காசு கட்டுறன். நான் என்ன விசரனோ?” என்பார். அதனால் ரீவியில் வரும் ஒரு சாமானும் வீட்டுப் படி ஏறாது. சந்தியில் கடை வைத்திருந்த நானாவுக்கு இதுவே பெரிய தலையிடி.

“நானா, இந்தப் பிஸ்கட் ரீவியில வருதோ?”

“எனக்கென்ன தெரியும்? என்ட கடைக்கு லொறியிலதான் வருது!”

பாவம், அண்ணையின் மனிசி. நுரையே வராத கட்டிச் சவர்க்காரத்தோடு மல்லுக்கட்டி அலுத்து, மல்லிகை வாசச் சவர்க்காரம் ஒன்றை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தா. அண்டைக்கு மத்தியானம் சோறு நல்ல மணமாயிருக்கென்று அண்ணை இரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டாராம். அந்த அக்காவே கந்தோருக்கு வந்து இதைச் சொல்ல, நான் முத்திரை ஒட்டமுடியாமல் சிரித்தேன்.

அந்தத் தெருவில் பெரிய ரீவியும் அண்ணையிடம்தான். கிரிக்கெட் என்றால் விறாந்தை நிறையச் சனம். ஓவர் முடிந்து விளம்பரம் வந்ததோ இல்லையோ, தோளில் இருக்கிற துவாய் பறந்துபோய் ரீவியை மூடும். அவர் ஆறுதலாக அதை எடுக்கமுன்னம் ஒரு விக்கெட் போயிருக்கும். ஆர் அவுட், எப்படி அவுட் என்று பக்கத்து வீட்டு மதிலால் எட்டிக் கேட்கவேண்டும்.

இவ்வளவு வில்லங்கம் பிடித்த மனிசன், சனிக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு மட்டும் பூனைக்குட்டி. தமிழில் அரைமணி நேரம் வயல் நிகழ்ச்சி ஒன்று போகும். ஒருமுறை அவருடைய நெல்லில் கபிலத் தத்திப் பூச்சி விழுந்து, பயிர் திட்டுத்திட்டாய்க் கருகத் தொடங்கியது. அந்த நிகழ்ச்சிக்குக் கடிதம் போட்டார். நடத்துகிறவர் நெளுக்குளம் என்று ஊர்ப்பெயரும் சொல்லிக் கடிதத்தை வாசித்து, தண்ணியை எப்போது வடியவிடவேணும், என்ன செய்யவேணும் என்று விளக்கினார். பயிர் தப்பியது. “கொழும்பில இருக்கிற மனிசன் என்ர வரம்பில வந்து நிண்டு கதைச்சமாதிரி இருந்தது தங்கச்சி” என்று என்னிடமே நூறு தரம் சொல்லியிருப்பார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, ஆறரைக்கு வயலைக் காணவில்லை. பாட்டுப் போட்டி நடந்தது. அண்ணை சனலுக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதுக்குப் பதில் வந்தது. கவுண்டரிலேயே பிரித்து, என்னை வாசிக்கச் சொன்னார். விளம்பரக் காசு தருகிற அனுசரணையாளர் எவரும் கிடைக்காததால் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டதாம்.

கடிதத்தை வாங்கி நாலாய் மடித்தார். “பாட்டுக்குச் சவர்க்காரக்காரன் காசு குடுக்கிறான். தத்திக்கு ஆர் குடுக்கிறது?”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திவிட்டது. “அப்ப நீங்களே ஒரு விளம்பரம் குடுங்கோவன்!”

துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு கிழமை ஆளைக் காணவில்லை. என்ர வாயில சனி என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்! கூடவே கமக்காரர் அமைப்பு ஆக்கள் நாலு பேர். கடையைப் பூட்டிவிட்டு நானாவும்.

“தங்கச்சி, ஒரு விளம்பரம் என்ன விலை போகுது?”

ஆளுக்கொரு மூட்டை நெல் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். நானா கடையில் ஒரு ரின் வைத்தார், சனம் அதில் காசு போட்டது. சனலும் ஒரு போகத்துக்கு வயல் நிகழ்ச்சியைத் திரும்பப் போடச் சம்மதித்தது. மிச்சம் விளம்பர வசனம்தான். விற்கிறதுக்கு எங்களிடம் என்ன இருக்கிறது? அண்ணை சொல்லச் சொல்ல, தந்திப் படிவத்தின் பின்பக்கத்தில் நான்தான் எழுதினேன்: “இந்த நிகழ்ச்சிக்குக் காசு குடுத்தது இதைப் பாக்கிற நாங்கள்தான். நீங்கள் ஒண்டும் வாங்கத் தேவையில்லை. வயலைப் பாருங்கோ.”

அந்தச் சனிக்கிழமை விறாந்தையில் கால்வைக்க இடமில்லை. எனக்குக் கதிரை தந்தார்கள். ஆறரை. இசை வந்தது. எழுத்து வந்தது. “இந்த நிகழ்ச்சிக்கு...” என்று குரல் தொடங்கியதுதான் தாமதம், பழக்கதோசம், அண்ணையின் துவாய் பறந்துபோய் ரீவியை மூடிக்கொண்டது!

“அண்ணை, எடுங்கோ! எங்கட விளம்பரம்!” என்று ஊரே கத்தியது. அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. துவாயை இழுத்து எடுத்தபோது திரையில் நெல்வயல்தான் நின்றது. அண்ணை துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கே அக்கா அந்தத் துவாயைத் தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டா. மல்லிகை மணத்தது. அண்ணை கண்டும் காணாதமாதிரி இருந்தார்.

அந்தத் தையிலும் லைசன்ஸ் கட்ட வந்தார். பங்குனி பிறந்ததும் தினமும் எட்டிப் பார்த்தார்.

“திரும்பி வந்திட்டுதோ தங்கச்சி?”

“இல்லை அண்ணை.”

“அப்ப எடுத்திட்டாங்கள்! இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்ர லைசன்ஸை எடுத்திட்டாங்கள்!” சந்திமட்டும் சொல்லிக்கொண்டே போனார்.

நான் இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன், இனிச் சொல்லலாம். காசுக்கட்டளை திரும்பி வந்துதான் இருந்தது. அவருடைய கையெழுத்தை நானே போட்டு, காசாக்கி, அடுத்த போகத்து விளம்பரத்துக்கென்று நானாவின் ரின்னுக்குள் போட்டுவிட்டேன். தபால் சட்டப்படி பெரிய குற்றம். ஆனால் அண்டைக்கு அந்த முகத்தைப் பார்த்திருந்தால், நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.